முத்து கொண்டுவந்த குருவி

கடந்த ஆடி மாதம், செமஸ்டர் விடுமுறைக்கு நாங்கள் நான்கு பேர் பருத்தித்துறைப் பக்கம் போய் நின்றோம். எங்களில் ஒருத்தியின் அம்மம்மா வீடு அது. சோளகம் பேய்த்தனமாக அடித்துக்கொண்டிருந்த காலம். முற்றத்து மண் காலைச் சுட்டது. பனம்பழம் விழத் தொடங்கியிருந்தது. விழுந்த பழத்தைச் சுற்றி எறும்பும் குளவியும் ஈயுமாக ஒரு ஊரே கூடியிருந்தது.

நாங்கள் போன காரியம் இதுதான். ஒரு கிழமைக்கு அந்த வளவுக்குள் எத்தனை வகைப் பூச்சி, எத்தனை வகைப் பறவை இருக்கிறது என்று பார்த்து எழுதுவது. எங்களில் இரண்டு பேருக்கு வரலாறு, ஒருத்திக்குப் புவியியல், ஒருத்திக்குத் தமிழ். "உங்களுக்கேன் இந்த வேலை? அது விஞ்ஞான பீடத்துப் பிள்ளைகள் செய்யிறது" என்று வெளிக்கிடும்போதே சிநேகிதர்கள் பகிடி பண்ணினார்கள். எங்களிடம் இருந்தது ஒரு மொனிட்டர் கொப்பி, கைத்தொலைபேசிகள், படத்தைக் கொடுத்தால் பெயர் சொல்லும் ஒரு செயலி. வேறொன்றும் இல்லை.

இரண்டாம் நாள் காலை செவ்வரத்தையில் ஒரு வண்ணத்துப்பூச்சி வந்து இருந்தது. கறுப்புச் செட்டை. முன் செட்டையில் வெள்ளைப் பட்டைகள், பின் செட்டையில் சிவப்புப் பொட்டுகள். படம் எடுத்துச் செயலியிடம் கேட்டோம். 'பாக்லியோப்டா ஹெக்டர்' என்றது. பெயரைப் பார்த்ததும் பெரிய சந்தோசம். கொப்பியில் எழுதி ஒரு கோடும் போட்டோம்.

அம்மம்மா திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தா. "அது தேசிக்காய்ப் புழுவில இருந்து வாறதெல்லே பிள்ளை" என்றா. "மற்றதுக்கு உடம்பும் சிவப்பு. வடிவாப் பாருங்கோ."

படத்தைப் பெருப்பித்துப் பார்த்தோம். உடம்பு கறுப்பு. ஹெக்டருக்குத் தலையிலும் வயிற்றிலும் சிவப்பு இருக்கும். நாங்கள் பார்த்தது ஹெக்டர் இல்லை. ஹெக்டர் மாதிரி வேடம் போட்ட இன்னொன்று. 'பாப்பிலியோ பொலிட்டெஸ்' என்ற இனத்தின் பெண். அதன் புழு தேசி, கறிவேப்பிலை இலைகளைத் தின்னும். குஞ்சுப் புழுவாக இருக்கையில் பறவை எச்சம் போலவே இருக்கும். வளர்ந்த புழுவைச் சீண்டினால் தலைக்குப் பின்னால் இருந்து இரண்டு சிவப்புக் கொம்பு வெளியே வரும், ஒரு கெட்ட மணமும் வரும். இதை எல்லாம் அம்மம்மா எங்களுக்குச் சொன்னது எந்தப் புத்தகத்தையும் பார்த்து இல்லை. தேசி மரத்துக்குத் தண்ணி ஊத்தின அறுபது வருசத்தில் கண்டது.

அன்றைக்கு இரவு கோட்டை அழித்துவிட்டு ஒரு கேள்வியை எழுதினோம். ஒரு பூச்சியை 'அடையாளம் காண்பது' என்றால் உண்மையில் என்ன? பெயர் சொல்வதா, அல்லது அம்மம்மா செய்ததா? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியின் பின்னால் நாங்கள் போன கதை.

ஆடு தின்னாதது

முதலில் பெயரைப் பார்ப்போம். ஹெக்டர் என்பவன் ஹோமரின் இலியட் காவியத்தில் வருகிற ட்ரோய் நகரத்து வீரன். பொலிட்டெஸ் அவனுடைய சகோதரன். யாழ்ப்பாணத்துச் செவ்வரத்தைக்கு வருகிற பூச்சிக்கு இந்தப் பெயர்கள் எப்படி வந்தன?

1758 இல் சுவீடன் நாட்டு லின்னேயஸ், உயிரினங்களுக்கு இரண்டு சொல்லில் பெயர் வைக்கும் தன் முறையை விலங்குகள் முழுவதுக்கும் விரித்தார். பெரிய வண்ணத்துப்பூச்சிகளுக்கு அவர் ட்ரோய் யுத்தத்தின் இரண்டு பக்கத்து வீரர்களின் பெயர்களைப் பங்கிட்டார். நெஞ்சில் இரத்தம் போலச் சிவப்புப் பொட்டு இருந்தால் ட்ரோய் பக்கம். இல்லாவிட்டால் கிரேக்கப் பக்கம். தோற்றவர்களுக்குத்தான் காயம். யுத்தத்துக்குப் பிறகு வளர்ந்த எங்களுக்கு இதை வாசிக்கும்போது கொஞ்சம் ஒரு மாதிரித்தான் இருந்தது.

லின்னேயஸ் இலங்கைக்கு வந்தவரில்லை. ஆனால் 1747 இலேயே இலங்கைத் தாவரங்கள் பற்றி ஒரு நூல் எழுதிவிட்டார். 1670களில் இங்கே ஒல்லாந்தக் கம்பனியின் வைத்தியராக இருந்த போல் ஹேர்மன் சேர்த்து உலர்த்தி வைத்த செடிகளை வைத்து எழுதியது அது. இலை இங்கேயிருந்து கப்பலில் போனது, பெயர் அங்கேயிருந்து வந்தது. அடுத்த இருநூறு வருசமும் பெரும்பாலும் இந்த வழிதான்.

அந்த முறை பிழை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. யாழ்ப்பாணத்தில் இருக்கிற எங்களுக்கும் சீனாவில் இருக்கிற ஒரு மாணவிக்கும் ஒரே பூச்சியைப் பற்றிக் கதைக்க அந்த இரட்டைப் பெயர் வேணும். ஆனால் செத்த மாதிரியை மட்டும் வைத்துப் பெயர் வைப்பவருக்கு ஒரு கஷ்டம் உண்டு. பொலிட்டெஸின் ஆண் கறுப்பில் வெள்ளைப் பொட்டு மட்டும் உள்ளது. பெண்ணோ பல வேடம் போடும். லின்னேயஸ் இந்த ஒரே இனத்துக்குப் பம்மோன் என்றும் பொலிட்டெஸ் என்றும் இரண்டு பெயர் வைத்துவிட்டார். எங்களுடைய பிழை எங்களோடு மட்டும் தொடங்கியதில்லை என்று கொஞ்சம் ஆறுதல்.

பெண் ஏன் வேடம் போடுகிறது? 1862 இல் ஹென்றி பேட்ஸ், அமேசன் காட்டு வண்ணத்துப்பூச்சிகளைப் பார்த்து இதற்கு விளக்கம் சொன்னார். பறவைக்கு உருசிக்காத, நஞ்சுள்ள ஓர் இனத்தைப் போலத் தோற்றம் கொண்டால், நஞ்சில்லாத இனமும் தப்பிவிடும். 1865 இல் அல்பிரட் வொலஸ், பொலிட்டெஸ் வகையின் பெண்களும் இப்படித்தான் என்று காட்டினார்.

ஹெக்டருக்கு நஞ்சு எங்கேயிருந்து? அதன் புழு தின்னும் கொடியில் இருந்து. அந்தக் கொடிக்கு எங்கட பெயர் ஆடுதின்னாப்பாளை.

இந்த இடத்தில் நாங்கள் நால்வரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். கண்டதைக் கடிக்கிற ஆடே தின்னாத கொடி. அதைத் தின்று வளர்ந்த பூச்சியைக் குருவி தின்னாது. குருவி தின்னாத பூச்சியைப் பார்த்து இன்னொன்று வேடம் போடுகிறது. பேட்ஸும் வொலஸும் விளக்கின சங்கிலியின் முதல் கண்ணி அந்தக் கொடியின் தமிழ்ப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. யாரோ ஒரு ஆட்டுக்காரர் பார்த்து வைத்த பெயர். ஹெக்டர் என்ற பெயர் அந்தப் பூச்சியைப் பற்றி எங்களுக்கு இப்படி ஒன்றும் சொல்லவில்லை.

பருத்தித்துறையில் ஒரு யூன் மாதம்

இனி நாங்கள் நின்ற ஊருக்கே வருவோம்.

எட்கர் லியோபோல்ட் லெயார்ட் 1846 இல் இலங்கைக்கு வந்த ஆங்கிலேயர். அரசாங்க உத்தியோகத்தர். நினிவே நகரத்தைத் தோண்டிய ஒஸ்டின் ஹென்றி லெயார்டின் தம்பி. உத்தியோகத்தோடு பறவை, சிப்பி, பூச்சி எல்லாம் சேர்த்தார். பருத்தித்துறையிலும் இருந்தார். 1853, 1854 ஆம் ஆண்டுகளில் இலங்கைப் பறவைகள் பற்றி இலண்டன் சஞ்சிகை ஒன்றில் தொடராக எழுதினார்.

அந்தத் தொடரில் ஒரு சின்னக் குருவிக்கு அவர் புதிதாகப் பெயர் வைக்கிறார். இன்றைக்கும் அறிவியல் உலகத்தில் அதன் பெயர் 'முஸ்சிகாப்பா முத்துயி'. முத்து என்பவர் லெயார்டின் வேலையாள். தனக்குக் கிடைத்த நல்ல பறவைகளில் எத்தனையோ முத்துவின் பொறுமையாலும் வேட்டைத் திறமையாலும் வந்தவை என்று லெயார்ட் எழுதுகிறார். இந்தக் குருவியையும் பருத்தித்துறையில், ஒரு யூன் மாதக் காலைப்பொழுதில், முத்துதான் கொண்டுவந்து கொடுத்தார் என்றும் எழுதுகிறார்.

(லெயார்ட் முத்துவைப் பற்றி எழுதும் தொனி எசமான் வேலையாளைப் பற்றி எழுதும் தொனிதான். நாங்கள் 'அவர்' என்றே எழுதுகிறோம்.)

இந்தக் குருவி எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் முத்து செய்தது விளங்கும். கபில நிறம். சிட்டுக்குருவியளவுதான். தொண்டை வெள்ளை, நெஞ்சில் மங்கலான ஒரு கபிலப் பட்டை, கண்ணைச் சுற்றி ஒரு வெளிறிய வளையம். இதே போல இன்னொரு கபில ஈபிடிப்பானும் இங்கே வருவதுண்டு. இரண்டையும் பிரிக்க, காலின் நிறத்தையும் கீழ்ச் சொண்டின் நிறத்தையும் பார்க்க வேணும். முத்துவின் குருவிக்குக் கால் வெளிறல், மற்றதற்குக் கறுப்பு. நல்ல தொலைநோக்கி வைத்திருப்பவர்களே இன்றைக்குத் தடுமாறுவார்கள்.

இன்னொன்று. இது வலசை போகும் குருவி. வடகிழக்கு இந்தியா, மியன்மாரின் வடக்கு, தென்சீனா ஆகிய பக்கங்களில் குஞ்சு பொரிக்கும். குளிர்காலத்துக்கு இந்தியாவின் தென்மேற்கு மலைகளுக்கும் இலங்கைக்கும் வரும். நிழலான காடுதான் அதற்குப் பிடித்த இடம். யூன் மாதத்தில், சோளகம் அடிக்கிற பருத்தித்துறை வெயிலில், அது இருக்க நியாயமே இல்லை. கூட்டத்தைத் தவறவிட்டதோ, களைத்து நின்றுவிட்டதோ.

நியாயமே இல்லாத இடத்தில் நின்ற, யாருடைய கண்ணிலும் படாத நிறமுள்ள ஒரு குருவியைப் பார்த்து, 'இது வேற' என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. 'இது வேற' என்று சொல்வது சின்ன விசயமில்லை. அதற்கு, அந்த ஊரில் அந்த மாதத்தில் நிற்கிற மற்ற எல்லாக் குருவியும் ஏற்கெனவே தெரிந்திருக்க வேணும். புலுனி, செம்பகம், கொண்டைக்குருவி, கரிச்சான் என்று ஒவ்வொன்றின் நிறமும் சத்தமும் பறக்கிற விதமும் மனதில் இருந்தால்தான், அதற்குள் அடங்காத ஒன்று வரும்போது கண் நிற்கும். லெயார்டிடம் புத்தகமும் துப்பாக்கியும் இலண்டனுக்குக் கடிதம் போகும் வழியும் இருந்தன. முத்துவிடம் இருந்தது இந்தப் பட்டியல்.

அந்தக் காலத்தில் அடையாளம் காண்பது என்றால் கொல்வதும்தான். முத்து கொண்டுவந்தது உயிரோடு பாடுகிற குருவியை என்று நாங்கள் கற்பனை பண்ணத் தேவையில்லை. தோல் உரித்து, பஞ்சு அடைத்து, சீட்டுக் கட்டி அனுப்பினால்தான் அது 'இனம்'.

லெயார்டின் பெயரோடு இன்னொரு பறவையும் இணைந்திருக்கிறது. இலங்கையில் மட்டுமே வாழும் ஒரு கிளி. 1849 இல் கல்கத்தா நூதனசாலையின் எட்வேர்ட் பிளைத், லெயார்டின் மனைவியின் குடும்பப் பெயரான கல்த்ரொப் என்பதை அதற்கு வைத்தார். மனைவிக்குக் கிளி, வேலையாளுக்குக் கபிலக் குருவி. ஆனாலும் அந்தக் காலத்தில் இலங்கைத் தமிழ் வேலையாள் ஒருவரின் பெயர் அறிவியல் பெயருக்குள் போனது அபூர்வமான காரியம். அதற்காக லெயார்டுக்கு நன்றி சொல்லத்தான் வேணும். அதே நேரம், முத்து எந்த ஊரார், யாருடைய பிள்ளை, யாரிடம் பறவை பார்க்கப் பழகினார் என்பதெல்லாம் அந்த இரண்டு சொல்லுக்குள் இல்லை.

மற்ற முத்துக்கள்

இதைத் தேடத் தொடங்கிய பிறகு, எங்கே பார்த்தாலும் ஒரு முத்து நிற்கிற மாதிரி இருந்தது.

1848 இல் குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ட் மட்டக்களப்புக்குப் போய், இரவில் வாவியில் கேட்கும் இசையைத் தோணியில் இருந்து கேட்டார். பாடும் மீன் கதை உலகத்துக்குப் போனதில் அவருடைய எழுத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அவர் கேட்டபோது, மீனவர்கள் மீனைக் காட்டவில்லை. ஊரியைக் காட்டினார்கள். அழுகிற ஊரி என்ற கருத்தில் அவர்கள் சொன்ன தமிழ்ப் பெயரை டெனன்ட் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்தார். அவர்கள் உயிருள்ள ஊரிகளைக் கொண்டுவந்தும் காட்டினார்கள். விடை சரியோ பிழையோ, கேட்டதும் தேடியதும் மாதிரி கொண்டுவந்து நிரூபிக்கப் பார்த்ததும் அவர்கள். புத்தகத்தில் அவர்கள் 'மீனவர்கள்' மட்டுமே.

வண்ணத்துப்பூச்சிக்கு வந்தால், 1880 முதல் 1887 வரை மூன்று தொகுதிகளாக பிரெடரிக் மூர் எழுதிய இலங்கை வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி நூல் இன்றைக்கும் பேசப்படுகிறது. அதன் படங்களைக் கண்டால் யாருக்கும் ஆசை வரும். புழு, கூட்டுப்புழு, அது தின்னும் இலை எல்லாம் உயிரோடு இருக்கும். வரைந்தவர்கள் வில்லியம் டி அல்விஸ், ஜோர்ஜ் டி அல்விஸ் என்ற சிங்களச் சகோதரர்கள். பேராதனைத் தாவரவியல் பூங்காவில் பல பத்தாண்டுகள் ஓவியராக இருந்த ஹர்மானிஸ் டி அல்விஸின் மக்கள். பூங்காப் பணிப்பாளர் த்வெய்ட்ஸின் கீழ் இவர்கள் வரைந்தவைதான் அவை. புழு எந்த இலையைத் தின்கிறது, எப்போது நிறம் மாறுகிறது என்று பக்கத்தில் இருந்து பார்க்காமல் அப்படி வரைய ஏலாது. அதாவது அம்மம்மா தேசி மரத்தடியில் செய்ததை இவர்கள் தூரிகையோடு செய்தார்கள். நூலாசிரியர் என்று அட்டையில் இருப்பது மூர்.

பிறகு மெல்ல மெல்ல இங்கே பிறந்தவர்களும் எழுத்தாளராக வருகிறார்கள். 1852 இலேயே, இலங்கையில் பிறந்த பறங்கியரான வைத்தியர் கெலார்ட் இந்நாட்டு விலங்குகள் பற்றி நூல் எழுதியிருந்தார். கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த ஜி. எம். ஹென்றி, பள்ளிக்கூடப் படிப்புப் பெரிதாக இல்லாமலே கொழும்பு நூதனசாலையில் பூச்சியியல் உதவியாளரானார். 1955 இல் வந்த அவருடைய பறவைக் கையேட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தலைமுறையே காட்டுக்குப் போனது. எல்லாம் ஆங்கிலத்தில்.

அண்மைக் கதை ஒன்றும் இருக்கிறது. 2009 இல், யுத்தம் முடிந்த வருசம், மாங்குளத்தில் ஊரவர் ஒருவர் செத்த சிலந்தி ஒன்றை ஆய்வாளர்களிடம் கொண்டுவந்து கொடுத்தார். காலை விரித்தால் ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர் வரும் பெரிய சிலந்தி. பிறகு தேடிப் போனவர்களுக்கு அது மாங்குளம் வைத்தியசாலையின் பழைய விடுதிக் கட்டடத்திலும் கிடைத்தது. 2012 இல் புதிய இனமாக அறிவித்தபோது 'பீசிலோதீரியா ராஜாயி' என்று பெயர் வைத்தார்கள். ஆபத்தான பிரதேசங்களுக்குள் ஆய்வுக் குழுவைக் கூட்டிக்கொண்டு திரிந்த மைக்கல் ராஜகுமார் என்ற பொலிஸ் அதிகாரியின் நினைவாக. முதன்முதலில் கொண்டுவந்தவர் இங்கேயும் 'ஊரவர் ஒருவர்'. 1854 க்கும் 2012 க்கும் இடையில் 158 வருசம். குழுவில் இந்த நாட்டு ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், வழிகாட்டியவருக்குப் பெயரும் மரியாதையும் கிடைக்கிறது. இவை பெரிய மாற்றம். ஆனால் 'இது வேற' என்று முதலில் சொல்பவர் இன்னும் வாசலில்தான் நிற்கிறார்.

பற்றைக்குள் போகாத பிள்ளைகள்

இவ்வளவும் எழுதிவிட்டு எங்களைப் பற்றி எழுதாமல் விட்டால் சரியில்லை. நாங்கள் ஏன் ஹெக்டரையும் பொலிட்டெஸையும் பிரிக்கத் தெரியாமல் வளர்ந்தோம்?

சிநேகிதியின் அம்மாவிடம் கேட்டோம். "எனக்கு உது ஒண்டும் தெரியாது, அம்மாட்டக் கேளுங்கோ" என்றா. 1995 இல் வலிகாமத்தில் இருந்து இடம்பெயர்ந்தபோது அவவுக்குப் பத்து வயது. பொன்வண்டு பிடித்து நெருப்புப் பெட்டிக்குள் இலை போட்டு வளர்க்கிற வயது. அந்த வயதை அவ வேற வேற வீடுகளின் விறாந்தைகளில் கழித்தா. எங்கள் வயதுக்காரருக்கு வேற கதை. மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை பற்றை வழியே நடப்பட்டிருக்கும். பந்து உள்ளே போனால் போனதுதான். 'பற்றைக்குள்ள போகாத' என்ற வசனம் எங்களுக்குச் சோறோடு ஊட்டப்பட்டது. அது எங்களைக் காப்பாற்றிய வசனம். ஆனால் பற்றைக்குள் போகாத பிள்ளைக்குப் பற்றையில் இருக்கிறது ஒன்றும் தெரியாது. பெயர் தெரிந்தவர்கள் திண்ணையில் இருக்கிறார்கள், பெயர் தெரியாத நாங்கள் முற்றத்தில் நிற்கிறோம், நடுவில் ஒரு தலைமுறை இல்லை.

செயலி கெட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. அதுதான் எங்களை முற்றத்துக்குக் கொண்டுவந்தது. ஆனால் அதற்கு 'தேசிக்காய்ப் புழு' தெரியாது. தம்பளப்பூச்சியும் முசுறும் மயிர்க்கொட்டியும் தெரியாது. அந்தப் பெயர்களை நாங்கள் போடாவிட்டால் வேற யாரும் போடப் போவதில்லை.

அதனால் மூன்றாம் நாளில் இருந்து கொப்பியை மாற்றினோம். ஒவ்வொரு பக்கத்துக்கும் நான்கு நிரல். முதலாவது, எங்கே, எப்போது, எதன் மேல் கண்டோம். இரண்டாவது, ஊர்ப் பெயர். மூன்றாவது, அறிவியல் பெயர். நான்காவது நிரலுக்கு 'யார் சொன்னது' என்று தலைப்பு. அம்மம்மாவின் முழுப்பெயர், ஊர். பக்கத்து வளவில் கள்ளுச் சீவ வருகிற ஐயாவின் முழுப்பெயர், ஊர். அவர்களிடம் கேட்டுத்தான் எழுதினோம். "உதுக்கெல்லாம் என்ர பேர் எதுக்கடா பிள்ளையள்" என்று ஐயா முதலில் வெட்கப்பட்டார். பிறகு அவரே பனை மேலிருந்து, "டேய், இதையும் எழுதுங்கோ" என்று கூப்பிட்டார். வட்டுக்குள் வௌவால் குஞ்சு ஒன்று.

கிழமை முடிவில் 43 உயிரினம் எழுதியிருந்தோம். அதில் 11 க்கு அறிவியல் பெயர் இன்னும் போடவில்லை. 9 க்கு ஊர்ப் பெயர் போடவில்லை. சிலதைப் பிழையாகவும் எழுதியிருப்போம். உங்கட வீட்டுத் திண்ணையில் இருப்பவர்களிடம் இந்த விடுமுறைக்கு ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ. கேட்டால் அவர்களின் பெயரையும் சேர்த்து எழுதுங்கோ.

வெளிக்கிடும் நாள் விடியக் காலையில் தேசி மரத்தடியில் நின்றோம். ஒரு இலையில் பறவை எச்சம் போல ஒன்று ஒட்டியிருந்தது. நாங்கள் தொலைபேசியை எடுக்கவில்லை. குனிந்து பார்த்தோம். அது மெதுவாக நகர்ந்தது.